பழைய கேசட் பாதுகாப்புப் பேரவை

வீடியோ கேம் சிறுபிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் தலைவரை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வாயைத் திறப்பது நல்லது. இருபத்திரண்டு ஆண்டுகளாக வீடியோ கேமுக்காகவே உண்டு, உறங்கி, மூச்சு விட்டு வரும் அந்தப் பெருமகனார், இத்தனை காலத்தில் ஒரு தடவைகூட எதையும் விளையாடியதில்லை. மனித குலம் இதுவரை எட்டிப் பிடித்திருக்கும் உயரங்களில் இதுவும் ஒன்று என்பதைச் சரித்திரம் என்றாவது ஒப்புக்கொண்டே தீரும்.

தலைவர் என்றால் நாடாளும் தலைவர் அல்ல. பழைய கேசட் பாதுகாப்புப் பேரவையின் நிறுவனர் மற்றும் நிரந்தரத் தலைவர். வயிற்றுப்பாட்டுக்காகக் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர்ப் பிரிவுக் கண்காணிப்பாளராகவும் இருந்தார். எந்த வீட்டு மீட்டர் ஓடவில்லை என்று கண்டுபிடித்து, ஓடாததற்கான காரணத்தை எழுதி, அதைக் கோப்பில் வைத்து நாடாவால் கட்டுவது அவர் வேலை. மீட்டரை ஓட வைப்பது வேறு பிரிவின் வேலை. இந்த நிர்வாக நுட்பத்தைச் சிந்தாமல் சிதறாமல் அவர் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார்.

வீட்டில் இருந்ததிலேயே பெரிய அறை பேரவைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதற்குள் நானூற்றுப் பதினேழு கேம் கேசட்டுகள், தொழிற்சாலையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறை கிழியாமல், வருட வாரியாக நிமிர்ந்து நின்றன. உறையைப் பிரிப்பதற்குத் தலைவர் அகராதியில் 'மாசுபடுத்தல்' என்று பெயர். ஒருமுறை வீட்டுக்கு வந்த மைத்துனர், அலமாரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதுல எது மாப்ள நல்ல கேம் என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அவர் வந்தால் கூடத்தோடு சரி.

தலைவரின் 'சிந்தனைகள்' இணையத்தில் வாரந்தோறும் வெளிவந்தன. தொடங்கிய ஆட்டம் என்றைக்காவது முடிந்துபோகும், தொடங்காத ஆட்டத்துக்கு முடிவே கிடையாது என்பது அவற்றில் புகழ்பெற்றது. பதினோரு பேர் அதைப் பாராட்டியிருந்தார்கள். அந்தப் பதினொன்றில் நான்கு பேர், வெவ்வேறு பெயர்களில், பேரவையின் செயலாளர்.

வெறும் சிந்தனையோடு நின்றுவிடுகிறவரா தலைவர்? செயல்வீரரும்கூட. சீட்டுக்கட்டு அளவிலிருந்த ஒரு குட்டிக் கணினிக்குள் ஒன்பதாயிரம் பழைய ஆட்டங்களை ஏற்றினார். ஏற்றுவதற்கு ஒரு வாரம் ஆனது. ஏற்றியதை அகர வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் அட்டைப்படம் ஒட்டி, பட்டியல் வழுக்கிக்கொண்டு ஓடும்படி செய்வதற்கு எட்டு மாதம். எல்லாம் கூடிவந்த நாளில் பொத்தானை அழுத்தினார். பட்டியல் மேலிருந்து கீழே ஓடியது, கீழிருந்து மேலே ஓடியது. தலைவர் கண் கலங்கினார். அப்படியே அணைத்து அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டு, அடுத்த திட்டத்துக்கு மனு எழுதிக்கொண்டார். அடுத்தது, நின்றுகொண்டே விளையாடும் ஆள் உயர மரப்பெட்டி. பெட்டி முடிந்து மூன்று வருடமாகிறது. அதற்குப் பொருத்தமான பழைய காலத்து உப்பிய டிவித் திரை கிடைக்காததால், திரை இருக்க வேண்டிய ஓட்டையில் தற்காலிகமாக இஸ்திரி போடவேண்டிய துணிகள் இருந்தன.

அந்தத் துணிகளை அங்கே வைத்தவர் தலைவரின் மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் ரத்தம் எடுப்பவர். நாள் முழுவதும் நீட்டுகிற கைகளில் நரம்பு தேடி ஊசி குத்திவிட்டு, மாலை ஐந்தரைக்கு வீடு திரும்பி, கை கால் கழுவிக்கொண்டு, கூடத்து மூலையில் சின்ன டிவிக்கு முன்னால் உட்காருவார். அங்கே ஒரு பழைய சாம்பல் நிற கன்சோல் இருந்தது. அதில் ஒரே ஒரு கேசட். மேலே ஒட்டியிருந்த படம் பாதி கிழிந்துபோனதால் அலமாரியில் ஏறத் தகுதியிழந்து, 'பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற இழிநிலைக்குத் தள்ளப்பட்ட கேசட். பதினோரு வருடத்துக்கு முன்னால் தலைவரே பெருந்தன்மையோடு அதை மனைவிக்குக் கொடுத்தார்.

அது ஒரு ஊர் கட்டும் ஆட்டம். வெறும் புல்வெளியும் ஓர் ஆறும் கொடுப்பார்கள். வீடு கட்டலாம், மரம் நடலாம், வீட்டுக்கு ஓர் ஆளைக் குடிவைத்து அவருக்குப் பெயர் சூட்டலாம். மனைவி தினமும் முக்கால் மணி நேரம் அதற்குள் போய்விட்டு வருவார். பதினோரு வருடத்தில் முப்பத்தொரு வீடு. அவசரம் எதுவும் இல்லை, ஆள் கிடைத்தால்தான் வீடு.

தலைவருக்குத் தெரியாத ஒன்றை வாசகரிடம் மட்டும் சொல்லிவைக்கலாம். அந்த ஆட்கள் எல்லாரும் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தவர்கள். ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்த லாரி ஓட்டுநருக்குப் பாலத்துக்குப் பக்கத்தில் வீடு. கையைக் கடித்துவிட்டு ஓடிய சின்னப் பெண்ணுக்கு மேட்டில், நாலு பக்கமும் ஜன்னல் வைத்த வீடு. மூடிய உறையில் முடிவைக் கொடுத்தபோது, அதைப் பிரித்துப் பார்க்காமலேயே நன்றி சொல்லிவிட்டுப் போன ஒரு டீச்சர் இருந்தார். அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை. உறைக்குள் என்ன இருந்தது என்று மனைவிக்குத் தெரியும். டீச்சருக்கு ஆற்றங்கரையில் தோட்டம் வைத்த வீடு. டிவியைப் போட்டதும் டீச்சர் பூவாளியோடு வெளியே வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். மனைவி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குவார். அந்த முக்கால் மணி நேரம் இல்லையென்றால் அடுத்த நாள் ஊசியைக் கையில் எடுக்க முடியாது என்று தோழி ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறார்.

இப்படிப்பட்ட அமைதியான சூழலில்தான் பேரவையின் நாற்பத்து மூன்றாவது மாதாந்திரக் கூட்டம் காணொளி வழியாகக் கூடியது. பேரவைக்கு மொத்தம் மூன்று உறுப்பினர்கள். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்சம் மூன்று பேர் வேண்டும் என்று விதி. தலைவர் ஒருவர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் செயலாளர் இரண்டாமவர். மூன்றாமவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவரிடம் கேசட் ஒன்றுகூடக் கிடையாது. கூட்டம் என்றால் அவருக்கு உயிர், அவ்வளவுதான். பயிற்சிக் காரின் முன்பக்கத்தில் செல்பேசியைச் செருகிவைத்து, பக்கத்தில் யாராவது கற்றுக்கொண்டிருக்கும்போதே கலந்துகொள்வார்.

அன்று செயலாளர் ஓர் அபாயச் செய்தியோடு வந்திருந்தார். பழைய கேசட்டுகளின் வயிற்றுக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது. ஆடியவர் எதுவரை ஆடினார், என்ன சேர்த்தார் என்பதெல்லாம் அந்தப் பேட்டரியின் தயவில்தான் உள்ளே நிற்கிறது. பேட்டரியின் ஆயுள் இருபது வருடம். அது செத்தால் உள்ளே இருப்பதும் சேர்ந்து சாகும். ஆகவே நானூற்றுப் பதினேழு கேசட்டுகளின் உயிரும் ஊசலாடிக்கொண்டிருக்கிறது என்று வரைபடம் போட்டுக் காட்டினார். அந்த நானூற்றுப் பதினேழில் சாகும்படி எதுவுமே இல்லை என்பதை யாரும் எழுப்பவில்லை. நிகழ்ச்சி நிரலில் அது இல்லை.

உடனடியாக 'மின்கலப் புத்துயிர்ப்பு இயக்கம்' தொடங்கப்பட்டது. நடைமுறை விதிகள் ஏழு இயற்றப்பட்டன. வருகிற சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, தலைவரின் திருக்கரத்தால், இணையத்தில் நேரலையாக முதல் பேட்டரியை மாற்றுவது என்று முடிவானது. எந்தக் கேசட்டில் மாற்றுவது என்ற இடத்தில்தான் வண்டி நின்றது. உறையைப் பிரித்தால் மாசு. செயலாளரிடம் இருந்தவையும் உறை பிரியாதவையே. பிறகு தலைவருக்குக் கூடத்து மூலையில் கிடந்த அந்தக் கிழிந்த கேசட் ஞாபகம் வந்தது.

"தலைவரே, அது அண்ணி விளையாடுறது இல்லையா?" என்றார் செயலாளர்.

தலைவர் சிரித்தார். "விளையாடுறதா? அது எந்த வருஷத்துப் பதிப்புன்னுகூட அவளுக்குத் தெரியாது. சும்மா ஏதோ வீடு கட்டிக்கிட்டிருக்கா."

"நாலாம் விதி ஒண்ணு இருக்கே. பேட்டரியைக் கழட்டுறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற ஆட்டத்தோட சேமிப்பை, அதான் சேவ், அதைக் காப்பி எடுக்கணும்னு."

அந்த விதியை எழுதியவரே தலைவர்தான். காப்பி எடுப்பதற்கென்று ஏற்கெனவே சொந்தமாக ஒரு கருவியையும் செய்து, அதற்குக் 'காப்பான்' என்று பெயரும் வைத்திருந்தார். கருவி முதல் மாதத்திலேயே வேலை செய்தது. அதன் மேல்மூடியைத்தான் ஒன்றரை வருடமாக வீட்டிலிருந்த முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் வார்த்துக்கொண்டிருந்தார். நீலமா, கண்ணாடி நீலமா என்பது துணைக் குழுவின் பரிசீலனையில் இருந்தது.

"மூடி இன்னும் வரலையே, செயலாளரே. மூடியில்லாத கருவியைக் கேமராவுல காட்டினா பேரவைக்கு என்ன மரியாதை இருக்கும்?"

"அப்ப உள்ள இருக்கிற சேவ்?"

"விளையாடினாத்தானே சேவ் இருக்கும்?" என்றார் தலைவர்.

இந்தத் தர்க்கத்தைச் செயலாளர் அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இருபத்திரண்டு வருட அனுபவத்திலிருந்து வந்த வாக்கியம் அது. தீர்மானம் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. மூன்றாம் உறுப்பினர் ஆதரவாகக் கையைத் தூக்கினார். பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த அம்மாள் அதைச் சைகை என்று எடுத்துக்கொண்டு வண்டியை இடதுபக்கம் ஒடித்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாகவும், மூன்றாம் உறுப்பினர் இடதுபுறம் திரும்பி ஆதரவளித்ததாகவும் நடவடிக்கைக் குறிப்பில் பதிவானது.

சனிக்கிழமை மனைவிக்குப் பிற்பகல் ஒரு மணி வரை வேலை. பதினோரு மணிக்குச் சாப்பாட்டு மேசைமேல் வெள்ளைத் துணி விரிக்கப்பட்டது. தலைவர் கையுறை அணிந்தார். செயலாளர் கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். நேரலையில் ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலாளரின் நான்கு பேரையும் சேர்த்துத்தான்.

தலைவர் முதலில் சிற்றுரை ஆற்றினார். அழிவிலிருந்து ஒன்றைக் காப்பது அதைப் படைப்பதைவிட மேலானது என்றார். நம் கண்ணெதிரே எத்தனையோ அழிந்துகொண்டிருக்க, அதைப் பற்றிய பிரக்ஞையே இல்லாமல் மக்கள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று வருந்தினார். பிறகு மூன்று முனைத் திருகாணியை அதற்கென்றே உள்ள திருப்புளியால் கழற்றி, கேசட்டை இரண்டாகப் பிரித்து, சூடேறிய சால்டரிங் கம்பியைப் பேட்டரியின் காலில் வைத்தார். என்ன இருந்தாலும் கைதேர்ந்தவர். ஒரு துளி புகை வந்தது. பேட்டரி கழன்று மேசையில் விழுந்தது.

முப்பத்தொரு வீடும் இரண்டு பாலமும் அந்த நொடியில் போய்ச் சேர்ந்தன. லாரி ஓட்டுநர், கடித்த பெண், டீச்சர், அவர் கையிலிருந்த பூவாளி எல்லாம் போயிற்று. சத்தம் எதுவும் கேட்கவில்லை. செயலாளர் கை தட்டினார்.

புதிய பேட்டரி பற்றவைக்கப்பட்டது. கேசட்டை மூடி, கிழிந்த படத்தின் விளிம்பை ஒட்டி, கன்சோலில் செருகி, டிவியைப் போட்டார்கள். ஆட்டத்தின் பெயர் பளபளவென்று வந்தது, இசையும் கேட்டது. அருமை என்று சொல்லிவிட்டுத் தலைவர் அணைத்துவிட்டார். சோதனை என்றால் அவருக்கு அதுதான். அறுவைச் சிகிச்சை முழு வெற்றி, இழப்பு ஏதுமில்லை என்று செயலாளர் குறிப்பெழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, கண்ணாடிக் கடையைத் திறக்கப் போனார்.

மனைவி ஒன்றரைக்கு வந்தார். அன்று அவர் முகம் தெளிவாக இருந்தது. காலையில் வந்த ஒரு பெரியவருக்கு நாலு தடவை குத்தியும் நரம்பு அகப்படவில்லை. மன்னிச்சுக்கோங்க ஐயா என்று இவர் சொல்ல, பரவாயில்லம்மா, எனக்கும் ஆஸ்பத்திரின்னா ஒளிஞ்சுக்கத்தான் தோணுது, நரம்பை மட்டும் என்ன சொல்றது என்று அவர் சமாதானப்படுத்தியிருக்கிறார். அவருக்கு மரங்களுக்குப் பின்னால் மறைவாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்று பேருந்திலேயே இடம் பார்த்துவைத்துவிட்டார். முப்பத்திரண்டாவது வீடு. கை கால் கழுவியதும் கன்சோல் முன்னால் உட்கார்ந்தார்.

வழக்கமாகத் திரையில் இரண்டு வரி வரும். மேலே 'தொடர்க', கீழே 'புதிதாகத் தொடங்குக'. இன்று கீழ் வரி மட்டும் இருந்தது. மனைவி அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். கேசட்டை உருவி, முந்தானை நுனியால் துடைத்து, மறுபடி செருகிப் போட்டார். கிழிந்த படத்தின் விளிம்பு புதுப் பசையில் ஒட்டப்பட்டிருப்பதை அப்போதுதான் கவனித்தார்.

"இதை யார் திறந்தது?"

தலைவர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல உள்ளேயிருந்து வந்தார். கையில் பேரவையின் முத்திரையோடு அச்சிட்ட சான்றிதழ் இருந்தது. பேட்டரி மாற்றப்பட்ட செய்தியையும், அந்தப் பெருமைக்கு நானூற்றுச் சொச்சத்தை விட்டுவிட்டு இவளுடைய கேசட் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தியையும் சொன்னார். "இனிமே இருபது வருஷத்துக்குக் கவலையே இல்ல. உள்ள இருக்கிறது எதுவும் அழியாது."

"உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார் மனைவி.

தலைவர் திரையைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கேசட்டைப் பற்றி அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. திரையில் ஒரே ஒரு வரி நின்றுகொண்டிருந்தது. நாலாம் விதியை எழுதியவர் ஆயிற்றே, விளங்குவதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. சான்றிதழை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

ஆனாலும் நிர்வாகி அல்லவா, உடனே சமாளித்துக்கொண்டார். இது ஒரு தற்காலிகப் பின்னடைவு என்றார். கருவியின் மூடி மட்டும் உரிய காலத்தில் வந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று துணைக் குழுவின் மேல் வருத்தம் தெரிவித்தார். வெறும் வீடுகள்தானே, பதினோரு வருடம் கட்டினதை ஆற அமர மறுபடி கட்டிக்கொள்ளலாம், வேண்டுமென்றால் முதல் வீட்டைத் தானே கட்டித் தருவதாகவும் முன்வந்தார். மனைவி நகர்ந்து இடம்விட்டு, கையிலிருந்த கன்ட்ரோலரை அவரிடம் நீட்டினார்.

தலைவர் அதை வாங்கிக்கொண்டார். அது எந்த ஆண்டு, எந்தத் தொழிற்சாலையில் செய்தது, பொத்தானுக்கு அடியில் இருக்கும் ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் என்றெல்லாம் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார். இப்போது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதை அழுத்தணும்?"

மனைவி விரலால் காட்டினார். தலைவர் அழுத்தினார். திரையில் புல்வெளி விரிந்தது. ஓர் ஆறு ஓடியது. பாலம் இல்லை, மரம் இல்லை. மனைவி இன்னும் இரண்டு பொத்தானைக் காட்ட, தலைவர் நாலைந்து தடவை தவறாக அழுத்த, கடைசியில் ஆற்றோரத்தில் ஒரு வீடு எழும்பியது. தலைவருக்குத் தன்னையறியாமல் ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது. வீட்டில் குடியிருப்பவர் பெயர் என்ன என்று திரை கேட்டது. எழுத்து விழ வேண்டிய இடத்தில் ஒரு கோடு மின்னி மின்னி மறைந்தது.

"யார் பேரைப் போடட்டும்?"

"இங்க முப்பத்தொரு பேர் இருந்தாங்க," என்றார் மனைவி. குரலை உயர்த்தவில்லை. "எல்லாரும் எங்கிட்ட ரத்தம் குடுத்தவங்க. யார் வந்தாங்க, என்ன சொன்னாங்கன்னு ஒவ்வொருத்தரைப் பத்தியும் அன்னன்னிக்குச் சாப்பிடும்போது உங்ககிட்ட சொல்லியிருக்கேன். நீங்களும் 'உம்'முன்னு சொல்லியிருக்கீங்க. அதுல யாராவது ஒருத்தரைப் போடுங்க. ஒருத்தர் போதும்."

தலைவர் யோசித்தார். அலமாரியின் மூன்றாம் தட்டில் இடமிருந்து ஒன்பதாவது கேசட் நினைவுக்கு வந்தது. அது வெளியான மாதமும் வந்தது. ஆள் வரவில்லை. எவ்வளவோ தோண்டிப் பார்த்தும் சாப்பாட்டு மேசை தெரிந்தது, தட்டுத் தெரிந்தது, எதிரில் மனைவியின் வாய் அசைவது தெரிந்தது. அவர் சொன்னது ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. வெட்கமாக இருந்தது. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தால் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், கோடு மின்னிக்கொண்டேயிருந்தது. வேறு வழி தெரியாமல், வாழ்நாளில் மறக்காத ஒரே பெயரை எழுத்து எழுத்தாகத் தேடி அழுத்தினார்.

'தலைவர்'.

கதவு திறந்தது. குட்டியாக ஓர் ஆள் வெளியே வந்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்துவிட்டு, புல்வெளி நடுவில் நின்றார்.

மனைவி அந்த ஆளையும் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரையும் பார்த்தார். பிறகு எழுந்துகொண்டார்.

"நல்லாருக்கு," என்றார். "ஊர்ல வேற யாரும் இல்ல. நீங்களே கூட்டம் போடுங்க, நீங்களே கையைத் தூக்கிக்கோங்க. எதிர்த்துப் பேச ஆளில்ல. நீங்க காப்பாத்துறதுக்கும் இனி யாரும் மிச்சமில்ல."